நீலகிரியில் தனியாளாக ஒரு மலைச் சைக்கிள் நெடும்போட்டி: முழுமையான வழிகாட்டி

நேரம் குறித்து நடத்தப்படும் மலைச் சைக்கிள் நெடும்போட்டிகளில் 6 மணி, 12 மணி, 24 மணி என்று ஒரு கெடு இருக்கும். அந்தக் கெடுவுக்குள் ஒரே சுற்றுப் பாதையை அதிக முறை முடித்தவர் வெல்வார். குழுவாகக் கலந்துகொள்பவர்கள் முறை வைத்து ஓட்டுவார்கள். ஒருவர் பாதையில் இருக்கும்போது மற்றவர் சாப்பிடுவார், உடை மாற்றுவார், கண்ணயர்வார். ‘சோலோ’ என்று சொல்லப்படும் தனியாள் பிரிவில் இவை எல்லாமே போட்டி நேரத்திற்குள்தான் நடந்தாக வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். சுற்று 8 கிலோமீட்டர், அதில் 200 மீட்டர் ஏற்றம், ஒரு சுற்றுக்கு உங்களுக்கு 50 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 4 நிமிடம் நின்றால் 12 மணி நேரத்தில் 13 சுற்றுகள்தான் முடியும். ஒரு நிமிடம் மட்டும் நின்றால் 14 சுற்றுகள் முடியும். நின்று இழந்த அந்த 3 நிமிடங்களை மிதித்தே மீட்க வேண்டுமானால் ஒவ்வொரு சுற்றையும் 47 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அதற்குச் சுமார் 6 சதவீதம் கூடுதல் வேகத்தை 12 மணி நேரமும் காக்க வேண்டும். அந்த 6 சதவீதத்தை உடலில் ஏற்றப் பல மாதப் பயிற்சி தேவை. நிற்கும் நேரத்தைக் குறைக்கவோ ஒரு மாலை உட்கார்ந்து திட்டமிட்டாலே போதும். கீழே சொல்லப்படும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை, சைக்கிள் ஓடாமல் நிற்கும் நிமிடங்களைக் குறைப்பதற்கானவையே.

இவ்வகைப் போட்டி குழுக்களுக்காகத் தோன்றியது. 1992இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த 24 மணி நேரப் போட்டியே இதற்கு முன்மாதிரி. தனியாள் பிரிவு என்று ஒன்று இல்லாத அந்தத் தொடக்க ஆண்டுகளில் ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்ற வீரர் தன் பெயரையே நான்கு விதமாக எழுதிக் கொடுத்து, நான்கு பேர் கொண்ட குழுவாகப் பதிந்துகொண்டு, முழு நேரத்தையும் ஒருவராகவே ஓட்டினார். இன்று தனியாள் பிரிவுக்கென உலகப் போட்டியே நடக்கிறது. நேரக் கெடு இல்லாமல் தொலைவை மட்டும் வைத்து நடத்தப்படும் மாரத்தான் வகைப் போட்டிகளும் உண்டு. சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதிப்படி அவற்றின் தொலைவு 60 முதல் 160 கிலோமீட்டர் வரை. இக்கட்டுரை சுற்று முறைப் போட்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டாலும், பயிற்சி, உணவு, இறக்கம் பற்றிய பகுதிகள் மாரத்தானுக்கும் பொருந்தும்.

போட்டியையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்தல்

முதல் முறையாகத் தனியாளாக இறங்குபவர் 24 மணி நேரப் போட்டியில் தொடங்க வேண்டியதில்லை. 6 மணி நேரப் போட்டி உங்கள் உணவுத் திட்டத்தைச் சோதிக்கும், 12 மணி நேரப் போட்டி பொறுமையைச் சோதிக்கும். தூக்கத்தோடு போராடும் 24 மணி நேரம் வேறு கலை. இந்த இரண்டையும் முடித்தவர்கள் அதைப் பின்னர் எண்ணிப் பார்க்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன் விதிமுறைகளை வரி வரியாகப் படிக்க வேண்டும். அவற்றில் மூன்று செய்திகள் முக்கியமானவை. முதலாவது, கெடு முடியும் முன் கடைசிச் சுற்றை முடித்திருக்க வேண்டுமா, அல்லது கெடுவுக்கு முன் தொடங்கியிருந்தால் போதுமா என்பது. உங்கள் முழு நேரக் கணக்கும் இதைப் பொறுத்து மாறும். இரண்டாவது, பிறர் உதவியை எங்கே பெறலாம் என்பது. பல போட்டிகளில் குறிக்கப்பட்ட உதவி இடத்தில் மட்டும்தான் தண்ணீர்கூட வாங்கலாம், பாதையின் நடுவே ஒருவர் டியூப் கொடுத்தாலும் தகுதி போய்விடும். மூன்றாவது, பாதைக்கு யாரிடம் அனுமதி பெறப்பட்டிருக்கிறது என்பது. நீலகிரியின் பெரும்பகுதி காப்புக்காடு, புலிகள் காப்பகம் அல்லது தேசியப் பூங்கா. மீதியில் பல தேயிலைத் தோட்டங்கள். வனத்துறையின் அல்லது தோட்ட நிர்வாகத்தின் அனுமதி பற்றித் தெளிவாகப் பதில் சொல்லாத அமைப்பாளரிடம் பணம் கட்டாமல் இருப்பதே நல்லது.

மாதத்தைப் பொறுத்தவரை இம்மலையில் மழை இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கத்தைக் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததை இம்மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைப் பிடிக்கும். ஆகவே கோத்தகிரியில் ஆகஸ்டில் ஓட்ட முடிகிற பாதை நவம்பரில் சேறாகக் கிடக்கும். ஜனவரி, பிப்ரவரியில் பாதை காய்ந்து உறுதியாக இருக்கும். ஆனால் உதகையின் பள்ளத்தாக்குகளில் இரவில் உறைபனி விழும். ஏப்ரல், மே மாதங்களில் காலை முழுவதும் வெயில் காய்ந்து, மதியத்திற்கு மேல் இடியுடன் மழை வருவது வழக்கம். சுற்றுலாக் கூட்டமும் அப்போதுதான்.

சைக்கிள்

விலையுயர்ந்த சைக்கிள் இல்லாமல் இப்போட்டியை முடிக்கலாம். ஆனால் தகுந்த கியர் இல்லாமல் முடிக்க முடியாது. முன்னால் 30 பல் கொண்ட ஒரே வட்டும், பின்னால் 10 முதல் 51 பல் வரையான 12 வேகக் கேசட்டும் (பல்சக்கர அடுக்கு) இருந்தால், மிகச் சிறிய கியரில் 29 அங்குலச் சக்கரம் ஒரு மிதிக்குச் சுமார் 1.35 மீட்டர் நகரும். நிமிடத்திற்கு 60 முறை மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அதாவது நடக்கும் வேகத்திலேயே உட்கார்ந்து, முழங்காலை வதைக்காமல் செங்குத்தான எஸ்டேட் சாலையில் ஏற முடியும். பழைய சைக்கிளில் முன்னால் 2 அல்லது 3 வட்டுகள் இருந்தால் அவற்றில் சிறியதை நன்றாகச் செப்பனிட்டு வைத்துக்கொள்ளுங்கள்; பத்தாவது சுற்றில் அதுதான் காப்பாற்றும்.

பின்பக்கச் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் எடை குறைவு, பராமரிப்பும் எளிது. ஆனால் இங்குள்ள எஸ்டேட் சாலைகளில் பல, உருளைக்கல் பதித்தவை. மழைநீர் ஓடக் குறுக்கே வெட்டிய வடிகால்கள் உண்டு. சில்வர் ஓக் வேர்கள் பாதையில் புடைத்து நிற்கும். ஆறு மணி நேரத்திற்கு மேல் இவற்றின் மீது குலுங்கினால் கீழ்முதுகும் கைகளும் விட்டுப்போகும். கையில் இருப்பது ஹார்ட்டெயில் என்றால் அகலமான டயரும் குறைந்த காற்றழுத்தமும் அந்தக் குறையைப் பாதி தீர்க்கும். 70 கிலோ எடையுள்ளவருக்கு 2.3 அங்குலம் அளவிலான டியூப்லெஸ் டயரில் 20 முதல் 24 பி.எஸ்.ஐ. போதும். டியூப் போட்டு ஓட்டுபவர்கள் இவ்வளவு குறைத்தால் விளிம்பில் கடிபட்டு டியூப் கிழியும். அவர்கள் சற்று அதிகமாக வைத்துக்கொள்ள வேண்டும். டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் பால் போன்ற சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால் போட்டிக்கு முந்தைய வாரம் திறந்து பார்ப்பது அவசியம்.

பிரேக் பேட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இங்குள்ள செம்மண் சேறு உப்புத்தாள் போல வேலை செய்யும். மழை நாளில் சாதாரண ரெசின் பேட்கள் ஒரே போட்டிக்குள் உலோகம் தெரியும் அளவு தேய்ந்துபோகலாம். உலோகத் துகள் கலந்த சின்டர்டு பேட்கள் ஈரத்திலும் நீண்ட இறக்கச் சூட்டிலும் தாங்கும். எதைப் போட்டாலும் ஒரு மாற்று ஜோடி உதவி இடத்தில் இருக்கட்டும்; அதை நீங்களே கழற்றி மாட்டிப் பழகியிருக்க வேண்டும்.

பாதையில் உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை: ஒரு டியூப், சிறு பம்பு, டயர் நெம்பி, பல்நோக்குச் சாவி, டியூப்லெஸ் ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரி, உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி, கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று, நான்கைந்து பிளாஸ்டிக் பட்டிகள். ஹேங்கர் ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேறுபடும்; கோவையிலேயே உடனடியாகக் கிடைக்காமல் போகலாம் என்பதால் முன்கூட்டியே வரவழைத்துவிடுங்கள். பஞ்சரை ஏழு நிமிடத்திற்குள் சரிசெய்து ஓடத் தொடங்கும் வரை வீட்டு முற்றத்திலேயே பழகுவது, கூடுதலாக ஒரு மணி நேரம் ஏற்றப் பயிற்சி செய்வதைவிடப் பயன் தரும்.

உயரமும் பயிற்சியும்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், குன்னூர் 1,850, உதகை 2,240, தொட்டபெட்டா 2,637. உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழக் கால் பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அதே அளவு குறைகிறது. கோவையிலோ சென்னையிலோ வசிப்பவர் சமவெளியில் பழகிய இதயத் துடிப்பையும் வேகத்தையும் அப்படியே இங்கே எதிர்பார்த்தால் முதல் சுற்றிலேயே மூச்சு வாங்கும். இரண்டு வாரம் மலையில் தங்கிப் பழகுவது சிறந்தது. அதற்கு விடுமுறை கிடைக்காதவர்கள், போட்டிக்கு முந்தைய மாதங்களில் வார இறுதிகளில் மேலே வந்து ஓட்டிப் பார்த்து, தங்கள் வேகம் இங்கே எவ்வளவு குறைகிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு 16 வாரம் ஒதுக்குவது நியாயமான அளவு. வாரம் இருமுறை ஒரு மணி நேரம் வீதம் குறுகிய ஓட்டம், ஒருமுறை ஏற்றப் பயிற்சி, ஒருமுறை நீண்ட ஓட்டம் என்று வேலைக்குப் போகிறவரால் சமாளிக்க முடிகிற அளவில் இருந்தால் போதும். நீண்ட ஓட்டத்தை 2 மணி நேரத்தில் தொடங்கி, போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, 12 மணி நேரப் போட்டிக்கானவர் 6 அல்லது 7 மணி நேரத்தை எட்ட வேண்டும். அதற்கு மேல் நீட்டினால் உடல் மீள அதிக நாள் பிடிக்கும். மூன்று வாரம் கூட்டி, நான்காம் வாரம் குறைப்பது பழைய முறை. அதைவிட நல்லது இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம். கடைசி இரண்டு வாரங்களில் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, வேகத்தை மட்டும் விடாமல் வைத்திருக்க வேண்டும்.

ஏற்றப் பயிற்சிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி செல்லும் சாலை, குன்னூர்ச் சாலையைவிடப் போக்குவரத்து குறைந்தது. விடியற்காலையில் ஏறத் தொடங்கி, சுற்றுலா வண்டிகள் நிறையும் முன் மேலே சேர்ந்துவிட வேண்டும். தார்ச்சாலை ஏற்றம் மூச்சுக்கும் காலுக்கும் பயிற்சி தரும். ஆனால் கைகள், தோள், கீழ்முதுகு ஆகியவற்றுக்குக் கல்லும் வேரும் நிறைந்த பாதையே வேண்டும். ஆகவே நீண்ட ஓட்டங்களில் பாதியையாவது மண் பாதையில் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இருமுறை, இருபது நிமிடம் தண்டாலும் பலகை நிலையும் முதுகுப் பயிற்சியும் செய்பவர்கள் எட்டாம் மணியில் ஹேண்டில்பாரின் மீது சரிந்து விழ மாட்டார்கள்.

இரவுப் பயிற்சிக்குக் காட்டுச் சாலைகள் கூடவே கூடாது. யானையும் காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் இருட்டியபின் நடமாடும் மாவட்டம் இது. விளக்கைப் பழக வேண்டுமானால், தெரிந்தவர்களின் தோட்டத்தில் அனுமதி பெற்று, துணையோடு பழகலாம். அல்லது சமவெளியில் உங்கள் ஊரின் மண் பாதைகளே போதும்.

உணவும் நீரும்

தனியாள் போட்டியைக் கைவிடுபவர்கள் பலரைக் கால் கைவிடுவதில்லை; வயிறுதான் கைவிடுகிறது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது நெடுநேர ஓட்டத்திற்கு நல்ல தொடக்க இலக்கு. நன்றாகப் பழகிய குடல் 90 கிராம் வரை ஏற்கும். 60 கிராமுக்கு மேல் போக வேண்டுமானால் குளுக்கோஸ் மட்டும் போதாது, ஃபிரக்டோஸும் கலந்திருக்க வேண்டும். இரண்டும் குடலில் வெவ்வேறு வழிகளில் உறிஞ்சப்படுவதால் ஒன்றின் வழி நிரம்பினாலும் மற்றது வேலை செய்யும். நம் சமையலறைச் சர்க்கரை இந்த இரண்டும் சமபங்கு சேர்ந்த பொருள்தான். விலை கூடிய ஜெல் பொட்டலங்கள் இல்லாமல், 750 மில்லி தண்ணீரில் 40 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு, அரை எலுமிச்சம்பழம் கலந்தால் உங்கள் பாட்டில் தயார். மீதி 20 கிராமைத் திட உணவில் எடுத்துக்கொள்ளலாம்: நடுத்தர அளவிலான ஒரு வாழைப்பழத்திலோ நான்கைந்து பேரீச்சம்பழங்களிலோ ஏறக்குறைய அந்த அளவு, சற்றுக் கூடவே இருக்கும்.

ஆறு மணி நேரத்திற்குப் பிறகு இனிப்பைக் கண்டாலே குமட்டும். அப்போதுதான் உப்புள்ள உணவு தேவைப்படுகிறது. தோலுரித்து உப்புத் தூவிய சிறு உருளைக்கிழங்கு (நீலகிரி கிழங்குக்குப் பெயர் போன ஊர்தானே), நெய் தடவாத பொடி இட்லி, குழைய வடித்த சாதத்தில் பிசைந்த தயிர்சாதம், உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி ஆகியவை பலருக்கு ஒத்துக்கொள்கின்றன. தயிர்சாதம் குளிர்ந்த இரவில் சிலருக்குச் சளி பிடிக்கும் என்ற அச்சத்தைத் தரலாம். அவர்களுக்குச் சூடான ரசம் சாதம் இன்னும் நல்லது. கடலை மிட்டாய் சத்தானது; ஆனால் கொழுப்பும் புரதமும் அதிகம் உள்ளதால் மெதுவாகச் செரிக்கும்; ஆகவே முதல் சில மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊட்டி வர்க்கியைப் போட்டி முடிந்த பிறகு டீயில் தோய்த்துச் சாப்பிடுங்கள். அதன் கொழுப்போடு ஏற்றத்தில் ஏறுவது துன்பம்.

இங்கே குளிர்காற்றில் தாகம் தெரியாது என்பதால் நீர் குடிக்க மறப்பது எளிது. மணிக்கு அரை லிட்டரை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வெயிலில் கூட்டியும் குளிரில் குறைத்தும் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதனால்தான் பாட்டிலில் உப்பு. கடிகாரத்தில் 20 நிமிடத்திற்கு ஒருமுறை மணி அடிக்க வைத்து, அடிக்கும்போதெல்லாம் இரண்டு மிடறும் ஒரு வாய் உணவும் எடுப்பது, பசிக்கும்போது சாப்பிடுவதைவிட நம்பகமான முறை. பயிற்சியில் சாப்பிடாத எதையும் போட்டி நாளில் முதன்முறையாகச் சாப்பிடக் கூடாது. வலி மாத்திரையையும் தவிர்க்க வேண்டும். உடலில் நீர் குறைந்த நிலையில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

உதவி இடமும் உதவியாளரும்

தொடக்கத்தில் போட்ட கணக்கு வெற்றி பெறுவதும் தோற்பதும் இங்கேதான். உங்களுக்காக ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒரு மேசை, அதன் மேல் சுற்று வாரியாகப் பிரித்த உணவுப் பைகள், ஒவ்வொன்றின் மேலும் சுற்றின் எண், பக்கத்தில் கலந்து வைத்த பாட்டில்கள், கீழே ஒரு பெட்டியில் கருவிகள், இன்னொரு பெட்டியில் உலர்ந்த உடைகள் என்று வைத்துவிட்டால் தேடுவதற்கு எதுவும் இருக்காது. சைக்கிளை விட்டு இறங்காமலேயே பாட்டிலையும் பையையும் மாற்றிக்கொண்டு கிளம்புவது வழக்கமாக வேண்டும். இறங்குவதற்கு ஐந்தாறு சுற்றுக்கு ஒருமுறை செயின் எண்ணெய், சிறுநீர், உடை மாற்றம் என்று சேர்த்து ஒரு காரணம் இருந்தால் போதும். நாற்காலி மட்டும் வேண்டாம். உதவியாளர் தனக்கென ஒன்று கொண்டுவந்தால் அதில் அவரே உட்காரட்டும்.

உதவியாளராக வருபவர் சைக்கிள் நிபுணராக இருக்கத் தேவையில்லை; இரக்கம் குறைந்தவராக இருந்தால் நல்லது. ஏழாம் மணியில் நீங்கள் வந்து நின்று முகத்தைத் தொங்கப் போட்டால், “கொஞ்சம் உக்காந்துட்டுப் போண்ணா” என்று சொல்லும் தம்பியைவிட, “பாட்டில் மாத்தியாச்சுண்ணா, கிழங்கு பையில இருக்கு, கிளம்புங்க” என்று சொல்லும் தம்பியே தேவை. மூன்று கேள்விகளை மட்டும் கேட்கும்படி அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்: சாப்பிட்டீர்களா, சிறுநீர் போனதா, வண்டியில் ஏதாவது சத்தம் வருகிறதா. பேச்சுத் தடுமாறினாலோ உடல் நடுங்கினாலோ உங்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரத்தையும் அவருக்கே கொடுத்துவிட வேண்டும்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் முறை இருக்கிறது. உதவியாளரின் காருக்கு அதை முன்பே எடுத்துவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால், கடைத் தண்ணீர் பாட்டில்களை நம்பி வராமல் கேனில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பாதையில் கிழித்த பொட்டலத்தின் முனைத்துண்டுகூடச் சட்டைப் பைக்குள்தான் போக வேண்டும்.

முதல் இரண்டு மணி நேரம்

கொடி அசைந்ததும் கூட்டம் பாயும். அதில் பாதிப் பேர் குழுப் போட்டியாளர்கள். ஒரு சுற்று முடித்து உட்காரப் போகிறவர்கள். அவர்களோடு உங்களுக்கு வேலை இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு அறாமல் பேச முடிகிற வேகம்தான் முதல் மூன்றில் ஒரு பங்கு நேரத்திற்கு உரியது. இதயத் துடிப்பு அளவி வைத்திருப்பவர்களும் முதல் சுற்றின் எண்ணை நம்பக் கூடாது. பரபரப்பும் உயரமும் அதை ஏற்றிக் காட்டும். பல மணி நேரம் கழித்து, அதே முயற்சிக்கு உடற்சூடும் நீரிழப்பும் துடிப்பை மெல்ல உயர்த்தும். அப்போது எண்ணைப் பிடித்துத் தொங்காமல் மூச்சைக் கவனிக்க வேண்டும்.

முதல் இரண்டு சுற்றுகளைப் பாதையைப் படிக்கப் பயன்படுத்துங்கள். எந்த ஏற்றத்தில் நடப்பது, எந்தச் சமதளத்தில் சாப்பிடுவது, எந்த வடிகாலை எந்தப் பக்கமாகக் கடப்பது என்பதை முடிவு செய்துவிட்டால் மீதிச் சுற்றுகளில் யோசிக்க வேண்டியிருக்காது. நடப்பதில் அவமானம் ஏதும் இல்லை. வேகம் மணிக்கு 4 கிலோமீட்டருக்குக் கீழே போகும் செங்குத்தில் இறங்கித் தள்ளினால் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகும். தொடைக்கு ஓய்வு, இருக்கைக்கு ஓய்வு, வாய்க்கு ஒரு கிழங்கு.

உங்கள் கணக்கு சரியாக இருக்கிறதா என்பதை ஐந்தாம் சுற்றின் நேரம் சொல்லும். அது இரண்டாம் சுற்றைவிட 10 சதவீதத்திற்கு மேல் நீண்டிருந்தால் தொடக்கம் வேகமாகிவிட்டது என்று பொருள். உடனே வேகத்தைக் குறைத்து, உணவைக் கூட்டி, இரண்டு சுற்று பொறுத்தால் பெரும்பாலும் மீளலாம்.

இறக்கம்

ஏற்றத்தில் இழப்பவை நிமிடங்கள். இறக்கத்தில் விழுந்தால் போட்டியையே இழப்போம். சேணத்திலிருந்து எழுந்து, இரு மிதிகளையும் ஒரே மட்டத்தில் வைத்து, முழங்கையையும் முழங்காலையும் மடக்கி நின்று இறங்க வேண்டும். பிரேக்கை ஒரு விரலால், வளைவுக்கு முன்பே, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். முழு இறக்கத்திலும் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் வட்டு சூடேறிப் பிடிப்பு குறையும். இந்த மலைக்கே உரிய வழுக்கல்கள் சில உண்டு: யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரத்தின் உரிந்த பட்டையும் இலையும் ஈரத்தில் எண்ணெய் போல வழுக்கும், பைன் ஊசிகள் காய்ந்திருந்தாலும் உருண்டோடும், நிழலில் கிடக்கும் கல் பதித்த சாலையில் பாசி படிந்திருக்கும். இவற்றின் மீது திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. நேராகக் கடந்துவிட்டுப் பிறகு செய்ய வேண்டும். களைப்பு ஏற ஏறப் பார்வை முன்சக்கரத்தின் அருகே விழும். அதைத் தூக்கித் தூரத்தில் வைப்பதற்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மழை, மூடுபனி, இரவு

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு மாலையில் இறங்கும்போது காற்று அதைவிடக் கடுமையாகத் தாக்கும். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது. மெல்லிய செயற்கை இழை அல்லது கம்பளி உள்சட்டை, மடித்துப் பையில் வைக்கும் மழைக் கோட்டு, முழு விரல் கையுறை ஆகியவை தேவை. கையுறை மட்டும் இரண்டு ஜோடி இருக்கட்டும். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. இருட்டுவதற்கு ஒரு சுற்று முன்பே உள்சட்டையை மாற்றிவிடுவது நல்லது. நடுங்கத் தொடங்கிய பிறகு மாற்றினால் சூடு திரும்ப நேரமாகும்.

விளக்கு இரண்டு வேண்டும்: ஹேண்டில்பாரில் ஒன்று, தலைக்கவசத்தில் ஒன்று. தலைவிளக்கு வளைவுக்குள் பார்க்க உதவும். ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் அதன் ஒளி கண்ணெதிரே வெள்ளைச் சுவராகத் திரும்பி அடிக்கும்; அப்போது அதைக் குறைத்துவிட்டு, தாழ்வாக இருக்கும் ஹேண்டில்பார் விளக்கை நம்புங்கள். குளிரில் மின்கலத்தின் ஆற்றல் குறையும் என்பதால் பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்தை நம்பாமல், மாற்று மின்கலத்தை உடம்பின் சூட்டில், உள்பையில் வைத்திருக்க வேண்டும். ஏற்றத்தில் குறைந்த ஒளி, இறக்கத்தில் முழு ஒளி என்ற பழக்கம் அதன் நேரத்தை வெகுவாக நீட்டும்.

பாதையில் எதிர்ப்படுவோர்

பாதை போட்டிக்காகப் பிறந்தது அல்ல. காலையில் இலை பறிக்கப் போகும் அக்காமார்களும், மூட்டைகளை ஏற்றி வரும் இலை லாரியும், ஹட்டி எனப்படும் படகர் ஊரிலிருந்து பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளும் அதில் உண்டு. தொலைவிலிருந்தே மணியடித்து, வேகத்தைக் குறைத்து, ஒரு நன்றி சொல்லிக் கடந்தால் ஒரு சில நொடிகள்தான் போகும். போட்டியாளரை முந்தும்போது எந்தப் பக்கம் வருகிறீர்கள் என்பதை உரக்கச் சொல்லி, இடம் விடும்வரை பொறுக்க வேண்டும்.

தேயிலைக்குள் காட்டெருமை நிற்பது இங்கே அன்றாடக் காட்சி. அது எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும், நின்று, இடைவெளி விட்டு, அது போக வழி கொடுத்துக் காத்திருங்கள்; கத்துவதும் விளக்கை முகத்தில் அடிப்பதும் வேண்டாம். யானையோ கரடியோ தென்பட்டால் சுற்றைப் பாதியில் விட்டுத் திரும்பி, அமைப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்தில் சோலையோரம் ஓட்டினால் அட்டைகள் ஏறும். அவற்றைப் பிய்க்க நிற்காமல் சுற்று முடிந்தபின் உப்பைத் தேய்த்தால் விழுந்துவிடும்.

கடைசி மூன்று மணி நேரம்

இந்த நேரத்தில் எல்லோரும் மெதுவாகிறார்கள், பலர் உதவி இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஓடிக்கொண்டே இருப்பவர் யாரையும் முந்தாமலேயே பட்டியலில் மேலேறுவார். ஒரு சிறு கோப்பைக் காபி இப்போது பயன்படும்; தொடக்கத்திலேயே குடித்துத் தீர்த்துவிட்டால் அதன் பலன் கிடைக்காது. செயின் உலர்ந்து கிறீச்சிட்டால் எண்ணெய் விட்டுவிடுங்கள், அதற்குச் செலவாகும் அரை நிமிடம் திரும்பக் கிடைக்கும். கெடுவுக்கு இன்னும் எத்தனை நிமிடம், உங்கள் கடைசி இரண்டு சுற்றின் சராசரி என்ன என்பதை உதவியாளர் கணக்கிட்டு, இன்னொரு சுற்று முடியுமா என்பதை அவரே சொல்ல வேண்டும். களைத்த மூளையின் கழித்தல் கணக்கை நம்பக் கூடாது.

நிறுத்த வேண்டிய அறிகுறிகளும் உண்டு: நிற்காத நடுக்கம், நெஞ்சு வலி, தொடர் வாந்தி, நேராக ஓட்ட முடியாத தள்ளாட்டம், தலையில் அடிபட்டபின் மயக்கம். இவற்றில் ஒன்று வந்தாலும் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு மருத்துவக் குழுவிடம் போக வேண்டும். கால் வலி, இருக்கைப் புண், சலிப்பு ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை. இருக்கைப் புண்ணுக்கு நல்ல பேட் வைத்த டவுசரும், போட்டிக்கு முன்பும் நடுவிலும் பூசும் களிம்பும்தான் மருந்து.

முடித்தபின் முதல் பதினைந்து நிமிடத்தில் ஈர உடையைக் கழற்றி, கம்பளி போர்த்தி, சூடாக ஏதாவது குடியுங்கள். வியர்வை நின்றதும் குளிர் வேகமாகப் பிடிக்கும். ஒரு மணி நேரத்திற்குள் சாதமும் பருப்புமோ முட்டையோ சேர்த்து நன்றாகச் சாப்பிடலாம். சைக்கிளை அன்றே தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நல்லது. காய்ந்த செம்மண் பேரிங்குக்குள் போனால் அடுத்த வாரம் செலவு வைக்கும். அன்றிரவே மேட்டுப்பாளையத்துக்கு இறங்க வேண்டிய கட்டாயம் இருந்தால், கொண்டை ஊசி வளைவுகளில் காரை ஓட்டுபவர் போட்டியாளராகவும் இருக்கக் கூடாது, விடிய விடிய விழித்திருந்த உதவியாளராகவும் இருக்கக் கூடாது; தூங்கி எழுந்த மூன்றாம் ஆள் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், அல்லது அறையை இன்னொரு நாளுக்குச் சேர்த்து எடுத்துவிடுங்கள்.